முதல் மலைச் சைக்கிள்: வாங்குமுன் யோசிக்க வேண்டியவை

பெரம்பலூர், அரியலூர் ஜில்லாக்களுக்குச் சைக்கிள் புதிய பொருள் அன்று. வயலுக்குப் போகும் குடியானவரும், சந்தைக்கு மூட்டை ஏற்றிச் செல்லும் சிறு வியாபாரியும், பால்காரரும், தபால்காரரும் பல ஆண்டுகள் அதை நம்பியே காலம் தள்ளினார்கள். சென்னையை அடுத்த அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தோன்றியதும், 1956-இல் லூதியானாவில் ஹீரோ சைக்கிள்ஸ் ஏற்பட்டதும், இந்த வாகனம் சாமானியரின் கைக்கு எட்டப் பெரிதும் உதவின. பிறகு மோட்டார் சைக்கிள் பெருகியது. சைக்கிள் திண்ணையோரம் ஒதுங்கிற்று. இப்போது அது வேறு வேஷத்தில் திரும்பி வந்திருக்கிறது. தடித்த டயர், அகன்று நீண்ட கைப்பிடி, முன்புறம் ஸ்பிரிங், வரிசை வரிசையாகப் பற்சக்கரங்கள்: இதுதான் மலைச் சைக்கிள். கடை வாசலில் இதைக் கண்டு நிற்காத இளைஞர் இல்லை.

ஆசைப்படுவது தவறல்ல. உடலுக்கு உரம் தரும் ஆசை இது. எண்ணெய்ச் செலவு இல்லை, புகை இல்லை. ஆனால் நடுத்தரக் குடும்பம் ஒன்று 15,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய் வரை ஒதுக்குவதென்றால் அது விளையாட்டுக் காரியம் அன்று. மக்காச்சோளமோ பருத்தியோ விற்ற பணத்தில், அல்லது மாதாமாதம் மிச்சம் பிடித்த சம்பளத்தில், அந்தத் தொகை வருகிறது. அதைக் கொடுத்து வாங்கிய வண்டி ஆறு மாதத்தில் சத்தமிட்டுக்கொண்டு மூலையில் நிற்குமானால், நஷ்டம் பணத்தோடு போகாது. இறக்கத்தில் பிரேக் பிடிக்காத வண்டி உயிருக்கே உலை வைக்கும். ஆகவே வாங்குமுன் சில விஷயங்களை நிதானமாக எண்ணிப் பார்ப்பது அவசியம்.

பிறந்த கதை சொல்லும் பாடம்

மலைச் சைக்கிள் பிறந்த இடம் அமெரிக்காவில் கலிபோர்னியா மாகாணத்தைச் சேர்ந்த மாரின் பிரதேசம். 1970-ஆம் ஆண்டுகளில் அங்குள்ள சில இளைஞர்கள் பழைய, கனத்த, தடித்த டயர் கொண்ட சைக்கிள்களைப் பொறுக்கி எடுத்து, டமால்பைஸ் மலையைச் சுற்றியுள்ள மண் பாதைகளில் இறக்கத்தில் ஓட்டினார்கள். 1976-ஆம் ஆண்டு தொடங்கிய அவர்களுடைய பந்தயத்துக்கு 'ரீபாக்' என்று பெயர். அந்தப் பெயருக்குக் காரணம் வேடிக்கையானது. பின்சக்கரத்தின் குடத்துக்குள் இருந்த பிரேக், இறக்கத்தில் சூடேறி, உள்ளே இருந்த கிரீஸ் புகைந்து போய்விடும். ஒவ்வொரு தடவையும் குடத்தைக் கழற்றி மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும். அப்படி 'மறுபடி அடைப்பது' என்பதே பெயராயிற்று.

1977-இல் ஜோ பிரீஸ் என்பவர் இந்தக் காரியத்துக்கென்றே தனியாக ஒரு சட்டம் செய்தார். 1981-இல் 'ஸ்டம்ப்ஜம்பர்' என்ற வண்டி பெருமளவில் உற்பத்தியாகிக் கடைக்கு வந்தது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் மலைச் சைக்கிள் பந்தயமும் இடம் பெற்றது. இருபதே ஆண்டுகளில் நிகழ்ந்த வளர்ச்சி இது. அதன் முதற்பாடம், பந்தயத்தின் பெயரிலேயே அடங்கியிருக்கிறது: மலை ஏறுவது காலின் வேலை; இறங்குவது பிரேக்கின் வேலை. நம் கடைகளிலோ வாங்குவோர் முதலில் கேட்பது கியர் எத்தனை என்பதை; அடுத்துக் கேட்பது நிறத்தை. பிரேக்கைப் பற்றிக் கேட்போர் சிலரே.

இந்த மண்ணுக்கு எது ஏற்றது?

வண்டியை விளம்பரப் படத்துக்காக வாங்கக் கூடாது. ஓட்டப் போகும் பூமிக்காக வாங்க வேண்டும். இவ்விரு ஜில்லாக்களின் நிலம் ஒரே மாதிரியானதல்ல. மேற்கே பச்சைமலை நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் 500 முதல் 1,000 மீட்டர் உயரமுள்ள தொடர் அது. அதன் அடிவாரத்தில் லாடபுரம், விசுவக்குடி போன்ற இடங்களில் கல்லும் சரளையும் கலந்த ஏற்ற இறக்கமான பாதைகள் உண்டு. காரை, குளக்காநத்தம் பக்கம் போனால் செம்மண்ணும் களியும் மழையில் அரிபட்டு, மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் அதிசயமான பூமி. நடுவே பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் கரிசல். கிழக்கே அரியலூர்ப் பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும் சிமெண்டு ஆலைகளும். அவற்றுக்கு இரவும் பகலும் ஓடும் லாரிகள். எங்கும் வேலியோரத்தில் சீமைக் கருவேல முள்.

இந்த நிலத்தைப் பார்த்தால் வண்டியின் லட்சணம் தானாகவே விளங்கும். கரிசல் மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. ஒரு மழை பெய்த மறுநாள் வண்டிப் பாதையில் போனால், நூறு கெஜத்துக்குள் சக்கரத்தில் மண் அப்பிச் சுற்ற விடாமல் நிறுத்திவிடும். ரிம்மைப் பிடிக்கும் கட்டை பிரேக்குக்கு அங்கே வேலை இல்லை. சக்கரத்தின் நடுவில் தனித் தகடு வைத்துப் பிடிக்கும் டிஸ்க் பிரேக்குக்கு அந்தத் தொல்லை குறைவு. ஆகவே கரிசல் காட்டில் ஓட்டுகிறவருக்கு டிஸ்க் பிரேக் ஆடம்பரமன்று. சரளைப் பாதையிலும் தார் ரோட்டிலும் மட்டும் ஓட்டுவோருக்கு நல்ல கட்டை பிரேக்கே போதும். மட்டமான டிஸ்க் பிரேக்கைவிடத் தரமான கட்டை பிரேக் நன்றாகப் பிடிக்கும் என்பதையும் மறக்கலாகாது.

டிஸ்க் பிரேக்கிலும் இரு வகை உண்டு. கம்பி இழுத்துப் பிடிப்பது ஒன்று. குழாயில் எண்ணெய் அழுத்திப் பிடிப்பது மற்றொன்று. எண்ணெய் பிரேக் விரலால் தொட்டாலே பிடிக்கும். ஆனால் அதைச் செப்பனிடத் தெரிந்தவர் எல்லா ஊரிலும் கிடைப்பதில்லை. கம்பி பிரேக்கை எந்தச் சைக்கிள் கடைக்காரரும் இறுக்கிக் கொடுத்துவிடுவார். எந்த வகையானாலும் கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். பிரேக் பிடியை முழுவதும் அழுத்தும்போது அது கைப்பிடிக் குழாயைத் தொடக் கூடாது. வண்டியை முன்னே தள்ளிப் பிடித்தால் பின்சக்கரம் தூக்க வேண்டும். தூக்கவில்லையென்றால் முன்பிரேக் சரியில்லை என்று பொருள்.

அளவே பிரதானம்

வளரும் பிள்ளைக்குச் சட்டையைப் பெரிதாகத் தைப்பது வீட்டு வழக்கம். அதே நியாயத்தைச் சைக்கிளுக்கும் பொருத்துகிறார்கள். இது ஆபத்தான சிக்கனம். பெரிய சட்டை குழந்தையைக் கீழே தள்ளிவிடாது. பெரிய சைக்கிள் தள்ளிவிடும்.

அளவு பார்ப்பது சுலபம். வண்டியின் மேல்குழாயை இரு கால்களுக்கிடையே வைத்துக்கொண்டு இரண்டு பாதங்களையும் தரையில் ஊன்றி நிற்க வேண்டும். குழாய்க்கு மேல் குறைந்தது இரண்டு அங்குலம் இடைவெளி இருக்க வேண்டும். பிறகு சீட்டில் உட்கார்ந்து, பெடலைக் கீழே கொண்டு வந்து குதிகாலை அதன்மேல் வைத்தால் முழங்கால் நீண்டு நேராக வேண்டும். சுமாராக 5 அடி 3 அங்குலம் முதல் 5 அடி 6 அங்குலம் வரை உள்ளவருக்கு 16 அங்குலச் சட்டமும், 5 அடி 10 அங்குலம் வரை உள்ளவருக்கு 17 அல்லது 18 அங்குலச் சட்டமும் பொருந்தும். கம்பெனிக்குக் கம்பெனி இது சிறிது மாறுமாகையால், உட்கார்ந்து பார்த்தே முடிவு செய்வது உத்தமம்.

சக்கரத்தின் அளவு வேறு விஷயம். 26, 27.5, 29 அங்குலம் என்று மூன்று வழங்குகின்றன. பெரிய சக்கரம் குழியையும் கல்லையும் எளிதாகத் தாண்டும். சிறிய சக்கரம் வளைந்து திரும்பச் சௌகரியம். ஆனால் இவ்வூர்களில் வாங்குவோர் கேட்க வேண்டிய கேள்வி இன்னொன்று உண்டு: அந்த அளவு டயரும் டியூபும் பக்கத்துக் கடையில் கிடைக்குமா? கருவேல முள் நாள் பார்த்துக் குத்துவதில்லை. டியூபுக்காக ஒவ்வொரு தடவையும் திருச்சிக்குப் போவதென்றால், வண்டியின் பெருமை சீக்கிரமே கரைந்துவிடும். டியூபின் வாயையும் பார்க்க வேண்டும். மோட்டார் சைக்கிளுக்கு உள்ளது போன்ற வால்வாக இருந்தால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். எவ்வளவு காற்று என்பது டயரின் பக்கத்திலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

கியர் கணக்கு

கியர் எத்தனை என்பதைவிட, அந்தக் கியர்கள் எவ்வளவு தூரம் விரிகின்றன என்பதே கவனிக்கத் தக்கது. ஒரு கணக்குப் போட்டால் விளங்கும். முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள சாதாரணச் சைக்கிளில், பெடலை ஒரு சுற்றுச் சுற்றினால் வண்டி சுமார் 5.4 மீட்டர் நகரும். சமதரையில் இது நல்லதே. பச்சைமலை ஏற்றத்தில் இந்தக் கணக்கு காலை முறித்துவிடும். முன்னால் 24 பல்லும் பின்னால் 28 பல்லும் கொண்ட மலைச் சைக்கிளில் ஒரு சுற்றுக்கு வண்டி நகர்வது இரண்டு மீட்டருக்கும் குறைவு. தூரம் மூன்றில் ஒரு பங்கு. சிரமமும் அந்த அளவுக்குக் குறைகிறது.

ஆகவே முன்னால் உள்ள மிகச் சிறிய சக்கரத்துக்கு எத்தனை பல், பின்னால் உள்ள மிகப் பெரிய சக்கரத்துக்கு எத்தனை பல் என்று எண்ணிப் பார்ப்பதே உண்மையான சோதனை. 21 கியர் என்ற எழுத்தைக் கண்டு மயங்க வேண்டியதில்லை. அந்த 21-இல் பல ஒன்றோடொன்று ஏறக்குறையச் சமமாகவே இருக்கும். முன்னால் ஒரே சக்கரமும் பின்னால் எட்டு அல்லது ஒன்பது சக்கரமும் கொண்ட வண்டியில் எண்ணிக்கை குறைவு, கோளாறும் குறைவு.

பின்சக்கரத்தின் குடத்தையும் விசாரிக்க வேண்டும். மலிவு வண்டிகளில் பற்சக்கரக் கொத்தைக் குடத்தின்மேல் மரையாகத் திருகியிருப்பார்கள். பற்சக்கரங்களின் எண்ணிக்கை கூடக் கூட, அச்சின் வலப்பக்கம் தாங்கலின்றி நீண்டு நிற்கும். கனமான ஆள் குழியில் விழுந்து எழுந்தால் அச்சு வளைந்துவிடும். 'கேசட்' எனப்படும் அமைப்பில் பால்ரஸ் தாங்கல் அச்சின் ஓரத்துக்கு அருகே இருப்பதால் இந்தச் சங்கடம் குறைகிறது. இரண்டு சுவருள்ள அலுமினிய ரிம்மும் அவ்வாறே பணத்துக்கு மதிப்புள்ள பொருள். இவை கண்ணைக் கவரா. ஆனால் வண்டியின் ஆயுள் இவற்றில்தான் இருக்கிறது.

ஸ்பிரிங் மயக்கம்

முன்னும் பின்னும் ஸ்பிரிங் வைத்த வண்டியைக் கண்டால் இளைஞர்களுக்குக் கை பரபரக்கிறது. நடுத்தர விலையில் பின்புற ஸ்பிரிங் வேண்டவே வேண்டாம் என்று துணிந்து சொல்லலாம். ஸ்பிரிங்கும் மூட்டுக்களும் நல்ல தரத்தில் செய்யப் பெரும் பொருள் செலவாகும். இந்த விலையில் வருபவை கனத்தைக் கூட்டும். மிதிக்கிற பலத்தின் ஒரு பகுதியைத் தாமே விழுங்கிக்கொள்ளும். சீக்கிரம் ஆட்டம் கொடுக்கும்.

முன்புற ஸ்பிரிங்கிலும் ஜாக்கிரதை தேவை. கைப்பிடியை அழுத்திவிட்டால், அது நிதானமாக எழும்ப வேண்டும். பொம்மைபோல் துள்ளி எகிறினால், உள்ளே வெறும் கம்பிச் சுருள் மட்டுமே இருக்கிறது என்று அறியலாம். அத்தகைய ஸ்பிரிங்கைவிட, ஸ்பிரிங்கே இல்லாத உறுதியான முன்கவையும் தடித்த நல்ல டயரும் மேலானவை. அந்த மிச்சப் பணம் பிரேக்குக்கும் சக்கரத்துக்கும் போகட்டும்.

சட்டம் அலுமினியமாக இருந்தால் கனம் குறைவு. உடைந்தால் உள்ளூரில் ஒட்டுவது கடினம். எஃகு சற்றே கனம், ஆனால் உழைக்கும். இரண்டும் ஏற்கத் தக்கவையே. கனத்தைக் கடையில் ஒரு கையால் தூக்கிப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

பூட்டுபவர் யார்?

இப்போது வண்டி பெட்டியில் வருகிறது. கைப்பிடியும் பெடலும் முன்சக்கரமும் தனித்தனியாக இருக்கும். படத்தைப் பார்த்துப் பூட்டுகிறேன் என்று கிளம்பி, முன்கவையைப் பின்முகமாக வைத்துப் பூட்டிவிடுவோர் உண்டு. இடப்பெடலின் மரை எதிர்த்திசையில் திரும்பும் என்பதை அறியாமல் பலவந்தமாகத் திருகி மரையைக் கெடுப்போரும் உண்டு. தவறாகப் பூட்டிய நல்ல வண்டியைவிட, சரியாகப் பூட்டிய சாதாரண வண்டி பாதுகாப்பானது.

ஆகவே கடைத்தெருவில் இருபது முப்பது ஆண்டுகளாகக் கோட்டம் எடுத்துக்கொண்டும் பஞ்சர் ஒட்டிக்கொண்டும் இருக்கும் சைக்கிள் கடைக்காரரை அலட்சியம் செய்யக் கூடாது. அவருக்கு உரிய கூலியைக் கொடுத்துப் பூட்டச் சொல்வது புத்திசாலித்தனம். முதல் மாதம் ஓட்டிய பிறகு கம்பிகள் நீளும், ஸ்போக்ஸ் தளரும், மீண்டும் அவரிடம் காட்டிச் சரி செய்துகொள்ள வேண்டும். பழைய மலைச் சைக்கிள் விலைக்கு வந்தாலும் அவரையே அழைத்துப் போய்ப் பார்ப்பது நலம். சட்டத்தில் வெடிப்பு, சக்கரத்தில் கோட்டம், செயினில் தேய்மானம் ஆகிய மூன்றையும் அவர் கண் தப்பவிடாது.

கையிருப்பு முழுவதையும் வண்டிக்கே கொடுத்துவிடுவதும் தவறு. 20,000 ரூபாய் இருந்தால் 17,000-க்கு வண்டியைப் பார்த்துக்கொண்டு, மீதியில் தலைக்கவசம், முன்பின் விளக்குகள், கைப்பம்பு, பஞ்சர் ஒட்டும் சாமான், பூட்டு ஆகியவற்றை வாங்க வேண்டும். 2025-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி முதல் சைக்கிள்மீதான ஜி.எஸ்.டி. வரி 12 சதவிகிதத்திலிருந்து 5 சதவிகிதமாகக் குறைக்கப்பட்டது. அந்தச் சலுகையில் மிஞ்சுவதைத் தலைக்கவசத்துக்குச் செலவிட்டால் வீண் போகாது.

வீட்டில் ஏற்கெனவே ஒரு சைக்கிள்

சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பு மாணவ மாணவியருக்கு விலையில்லாச் சைக்கிள் கொடுக்கப்படுகிறது. அந்த வண்டி இருக்கையில் இன்னொன்று எதற்கு என்று பெற்றோர் கேட்பது நியாயமே. பள்ளிக்கும் கடைக்கும் போக அது தாராளமாகப் போதும். சொல்லப்போனால் மலைச் சைக்கிளைவிட அதுவே மேல். கேரியர் உண்டு, மட்கார்டு உண்டு, ஸ்டாண்டு உண்டு. மண் பாதையிலும் ஏற்றத்திலும் வாரந்தோறும் ஓட்டும் ஆவல் உண்மையாகவே இருக்கிறதா என்பதை அந்த வண்டியிலேயே மூன்று மாதம் ஓட்டிச் சோதித்துக்கொள்ளலாம். ஆவல் தணிந்துவிட்டால் பணம் மிச்சம். தணியாவிட்டால் தயங்காமல் வாங்கலாம்.

இதில் ஆண் பெண் பேதம் பாராட்ட வேண்டியதில்லை. 1990-களின் தொடக்கத்தில், பக்கத்துப் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கத்தின்போது ஆயிரக்கணக்கான கிராமப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். பலர் ஏட்டில் மட்டும் அல்ல, ரோட்டிலும் விடுதலை கண்டார்கள். அவர்கள் தலைமுறையின் பேத்திமார் பச்சைமலை அடிவாரத்தில் மலைச் சைக்கிள் ஓட்ட விரும்பினால் வியப்பென்ன? அளவு சரியாக இருந்தால் போதும். தனியாக ஒரு பெண்கள் வண்டி தேவையில்லை.

ரோடும் காடும்

நல்ல வண்டி கையிலிருந்தும் அரியலூர் லாரிகளின் நடுவே அதை ஓட்டுவது வீரமல்ல. சுண்ணாம்புக்கல் லாரி ஓடும் ரோடுகளையும், பெரம்பலூர் வழியாகச் செல்லும் சென்னை–திருச்சி நெடுஞ்சாலையையும் கூடிய மட்டும் தவிர்த்து, கிராமச் சாலைகளில் அதிகாலையில் ஓட்டுவது நலம். சிமெண்டு ஆலைகள் நிறைந்த இந்தப் பகுதியில், பள்ளிக்கூடங்களை ஒட்டிய லாரிப் பாதைகளிலாவது சைக்கிளுக்கென்று ஓரம் ஒதுக்கித் தருவது அதிகாரிகளின் கடமை. கற்களை ஏற்றிச் செல்ல அகன்ற பாதை போடத் தெரிந்தவர்களுக்குக் குழந்தைகள் போக நான்கடி ஓரம் போடுவது பெரிய காரியமல்ல.

ஓட்டுகிறவர்களுக்கும் கடமை உண்டு. காரைப் பகுதியின் அரிமண் பூமி வெறும் விளையாட்டுத் திடல் அன்று. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த நிலம் அது. அம்மோனைட் முதலிய கடற்பிராணிகளின் கல்லெச்சங்கள் அங்கே கிடக்கின்றன. சற்றுத் தொலைவில் சாத்தனூரில் கல்லாகிப் போன மரம் ஒன்று சுமார் 18 மீட்டர் நீளத்துக்குக் கிடக்கிறது. 1940-ஆம் ஆண்டு அதைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னவர் பூதத்துவ நிபுணர் எம்.எஸ். கிருஷ்ணன். உலகின் விஞ்ஞானிகள் தேடி வரும் மண் இது. தடித்த டயர் ஒன்று ஒரு தடவை உருண்டால் அந்த மென்மையான களிச்சரிவு நொறுங்கும். அதன் வழியே மழைநீர் ஓடிப் பள்ளமாகும். போட்ட பாதையில் ஓட்டுவதும், கல்லெச்சத்தை எடுத்துச் சட்டைப் பையில் போடாமல் வருவதும், பச்சைமலைக் காப்புக் காட்டுக்குள் வனத்துறையின் அனுமதியின்றி நுழையாமலிருப்பதும் ஒவ்வொருவரும் மேற்கொள்ள வேண்டிய ஒழுக்கம்.

இத்தனையும் பார்த்து ஒரு வண்டி வாங்குவதா என்று சிலர் மலைக்கலாம். மாடு வாங்கப் போகிற குடியானவர் பல்லைப் பார்க்கிறார், குளம்பைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டுப் பார்க்கிறார். யாரும் அவரை அளவுக்கு மீறி ஆராய்கிறார் என்று சொல்வதில்லை. வீட்டுப் பிள்ளை ஏறி மலையிறங்கப் போகிற வண்டிக்கும் அந்தக் கவனம் உரியதே. பெற்றோர் பிள்ளைகளைக் கடைக்கு உடன் அழைத்துச் சென்று, ஓட்டிப் பார்க்கச் செய்து, பிரேக்கை முதலிலும் நிறத்தைக் கடைசியிலும் பார்த்து வாங்குவார்களாக.